சாவி அதே சாவிதான்: சர்வர் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

சர்வர் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்களுக்கும்,

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழையப் பயன்படும் தனிச்சாவியை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும்போது, மாறுவது கோப்பு மட்டும்தான். உள்ளே இருக்கும் எண்கள் மாறுவதில்லை. அவற்றுக்கு இணையான பொதுச்சாவியும் மாறுவதில்லை. ஆகவே சர்வரில் எதையும் தொட வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபடாததால்தான் பல அலுவலகங்களில் ‘என்கிட்ட பிபிகே இருக்கு, அது பெம் கேக்குது’ என்ற சின்னச் சிக்கல் பெரிதாகிறது. ஒருவர் புதுச்சாவி உருவாக்கி அதைச் சர்வரில் சேர்க்கச் சொல்லிக் காத்திருக்கிறார். இன்னொருவர் பிரைவேட் கீ-யையே வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘மாத்திக் குடுங்க’ என்கிறார். இரண்டாவது ஆள் செய்வதுதான் ஆபத்து.

இந்தச் சாவிகளைப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் நெறிமுறை 1995-இல் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதைக் கண்ட டாட்டு இலொனென் அதை எழுதினார். 1999-இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் ஓபன்எஸ்எஸ்ஹெச்-ஐ வெளியிட்டார்கள். இன்று லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுவது அதுதான். விண்டோஸ்காரர்களுக்கு ஏறத்தாழ அதே காலத்தில் சைமன் டேத்தமின் புட்டி வந்தது. ஓபன்எஸ்எஸ்ஹெச் தன் மறையாக்க வேலைக்கு ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தை நம்பியதால், சாவியைச் சேமிக்கவும் அந்த நூலகத்தின் பெம் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. புட்டி எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டதால் பிபிகே என்ற சொந்த வடிவத்தை வைத்துக்கொண்டது. இன்றைய குழப்பம் முழுவதும் அந்த இரண்டு முடிவுகளிலிருந்து வந்ததுதான்.

கையில் இருப்பது எந்த வடிவம் என்பதைக் கோப்பின் முதல் வரியே சொல்லிவிடும். பெயரின் வாலில் இருக்கும் டாட் பெம், டாட் பிபிகே, டாட் கீ எதையும் நம்பக்கூடாது. அவை யாரோ வைத்த பெயர்கள். கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால் போதும். ‘புட்டி-யூசர்-கீ-ஃபைல்’ என்று தொடங்கி 2 அல்லது 3 என்ற எண் வந்தால் அது பிபிகே. ஐந்து கோடுகளுக்குப் பிறகு ‘பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ’ என்றிருந்தால் அது பழைய பெம். பிகேசிஎஸ்1 என்று ஆவணங்களில் வருவது இதுவே. ஆர்எஸ்ஏ என்ற சொல் இல்லாமல் வெறுமனே ‘பிகின் பிரைவேட் கீ’ என்றோ, ‘பிகின் என்கிரிப்டட் பிரைவேட் கீ’ என்றோ வந்தால் பிகேசிஎஸ்8. ‘பிகின் ஓபன்எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீ’ என்றால் ஓபன்எஸ்எஸ்ஹெச்-இன் புதிய வடிவம். இது 2014 ஜனவரியில் 6.5 பதிப்போடு அறிமுகமாகி, 2018 ஆகஸ்டில் 7.8 பதிப்பிலிருந்து இயல்புநிலை ஆயிற்று. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்கள் தடுமாறும் இடம் இந்த 2018. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்புகளில் ‘சாவியை உருவாக்கு’ என்ற ஒரே கட்டளை பெம் கோப்பைக் கொடுத்தது. இப்போது அதே கட்டளை வேறொன்றைக் கொடுக்கிறது.

நான்கே கோடுகளோடு ‘பிகின் எஸ்எஸ்ஹெச்2 பப்ளிக் கீ’ என்று தொடங்கும் கோப்பும் கண்ணில் படும். அது தனிச்சாவியே அல்ல, பொதுச்சாவி. அதை என்ன செய்தாலும் தனிச்சாவி கிடைக்காது.

கோப்புகளுக்குள்ளே இருப்பதை ஆர்எஸ்ஏ சாவியை வைத்துப் பார்க்கலாம். பிகேசிஎஸ்1 கோப்பில் பெருக்கற்பலனான என், பொது அடுக்கான ஈ, இரகசிய அடுக்கான டி, பகா எண்கள் பி, க்யூ, கணக்கை விரைவாக்கும் மூன்று துணை எண்கள் ஆகியவை வரிசையாக இருக்கும். பிபிகே-யில் ஈ-யும் என்-னும் ‘பப்ளிக்-லைன்ஸ்’ பகுதியில் திறந்தே கிடக்கும். டி, பி, க்யூ, ஒரே ஒரு துணை எண் ஆகியவை ‘பிரைவேட்-லைன்ஸ்’ பகுதியில் இருக்கும். மீதி இரண்டு துணை எண்களைக் கணக்குப் போட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்பதால் புட்டி அவற்றைச் சேமிப்பதில்லை. பிபிகே-யைப் பெம் ஆக்கும் நிரல் அந்த இரண்டையும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் வேறு வரிசையில் அடுக்கி, பேஸ்64 எழுத்துகளாக எழுதுகிறது. மாற்றம் என்பது இவ்வளவுதான். எட்25519 என்ற இன்னொரு வகைச் சாவியில் வேலை இன்னும் எளிது: அடிப்படை இரகசியம் 32 பைட் மட்டுமே. ஓபன்எஸ்எஸ்ஹெச் அதன் பின்னால் பொதுச்சாவியையும் ஒட்டி 64 பைட்டாக எழுதிவைக்கிறது.

வடிவங்களுக்கிடையே உண்மையான வித்தியாசம், சாவிக்கோப்பைப் பூட்டும் கடவுத்தொடரான பாஸ்ஃபிரேஸைக் கையாளும் விதத்தில்தான் இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பழைய பெம் கோப்பு, பாஸ்ஃபிரேஸிலிருந்து மறையாக்கச் சாவியைப் பெற எம்டி5-ஐ ஒரே சுற்று ஓட்டுகிறது. கோப்பைத் திருடியவன் தன் கணினியில் ஒரு நொடிக்கு எத்தனையோ கோடி பாஸ்ஃபிரேஸ்களைச் சோதித்துப் பார்க்க இது வழிவிடுகிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச்-இன் புதிய வடிவம் இந்த இடத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடும் பிகிரிப்ட் முறையைக் கொண்டுவந்தது. முதலில் 16 சுற்று என்றிருந்த இயல்பு அளவு பின்னர் 24 ஆக உயர்த்தப்பட்டது. பிபிகே-யின் இரண்டாம் பதிப்பும் ஷா-1-ஐ நேரடியாகப் பயன்படுத்திய பலவீனமான வடிவம்தான். 2021-இல் வெளிவந்த புட்டி 0.75 மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்து, ஒவ்வோர் ஊகத்துக்கும் 8192 கிலோபைட் நினைவகத்தைக் கேட்கும் ஆர்கான்2 முறைக்கு மாறியது. எனவே புதிய வடிவத்திலிருந்து பழைய பெம்முக்கு இறங்குகிறவர் பாதுகாப்பிலும் ஒரு படி இறங்குகிறார். கேட்கும் மென்பொருளுக்காக இறங்கத்தான் வேண்டும் என்றால், பாஸ்ஃபிரேஸ் நீளமாக இருக்கட்டும்.

பாஸ்ஃபிரேஸ் மறந்துபோன சாவிக்கு எந்த மாற்றமும் கிடையாது. கோப்பைத் திறக்க முடிந்தால்தான் வேறு வடிவில் எழுத முடியும்.

விண்டோஸில் மாற்றும் வேலை, புட்டியோடு வரும் புட்டிஜென் நிரலில் நடக்கிறது. ‘லோட்’ பொத்தானை அழுத்தினால் திறக்கும் சாளரம் பிபிகே கோப்புகளை மட்டுமே காட்டும். பெம் கோப்பைத் தேடுகிறவர் ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால்தான் அது தெரியும். பெம்மைப் பிபிகே ஆக்க, ஏற்றியபின் ‘சேவ் பிரைவேட் கீ’ பொத்தான் போதும். எதிர்த்திசையில் போகும்போதுதான் தவறு நிகழ்கிறது. அதே ‘சேவ் பிரைவேட் கீ’ பொத்தானை அழுத்தி, பெயரை மட்டும் டாட் பெம் என்று கொடுத்துச் சேமிக்கிறார்கள். அந்தப் பொத்தான் எப்போதும் பிபிகே-யைத்தான் எழுதும். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது பிபிகே. ஓபன்எஸ்எஸ்ஹெச் வடிவம் வேண்டுமானால் மேலே ‘கன்வெர்ஷன்ஸ்’ மெனுவுக்குப் போக வேண்டும். அங்கே ‘எக்ஸ்போர்ட் ஓபன்எஸ்எஸ்ஹெச் கீ’ ஆர்எஸ்ஏ சாவியைப் பழைய பெம்மாக எழுதும். அதன் அருகிலேயே, புதிய வடிவத்தைக் கட்டாயமாக்கும் இன்னொரு வரி இருக்கிறது. எட்25519 சாவி என்றால் முதல் வரியைத் தேர்ந்தாலும் புதிய வடிவமே வரும், ஏனென்றால் அந்தச் சாவிக்குப் பழைய பெம் வடிவமே இல்லை.

‘சேவ் பப்ளிக் கீ’ பொத்தானும் இதே மாதிரி ஏமாற்றும். அது எழுதுவது மேலே சொன்ன நான்கு கோட்டு வடிவத்தில், பல வரிகளாக. சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் கோப்பில் ஒரு சாவிக்கு ஒரே வரிதான். பல வரிச் சாவியை அங்கே ஒட்டினால் சர்வர் எந்த எச்சரிக்கையும் தராமல் அதைத் தள்ளிவிடும். புட்டிஜென் சாளரத்தின் மேற்பெட்டியில் தெரியும் நீண்ட ஒற்றை வரியை முழுதாகத் தேர்ந்து நகலெடுப்பதே சரி. பெட்டி சிறியது, வரி நீளம். கடைசி வரை உருட்டாமல் பாதியை நகலெடுத்து அல்லாடியவர்கள் ஏராளம்.

லினக்ஸிலும் புட்டிஜென் உண்டு. டெபியன், உபுண்டு இரண்டிலும் ‘புட்டி-டூல்ஸ்’ பொதியை நிறுவினால் கிடைக்கும். அதில் சாளரம் இல்லை. கட்டளையில் பிபிகே கோப்பின் பெயர், பெரிய எழுத்து ஓ தெரிவோடு ‘பிரைவேட்-ஓபன்எஸ்எஸ்ஹெச்’, சிறிய எழுத்து ஓ தெரிவோடு புதுக்கோப்பின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இரண்டு ஓ-க்களையும் மாற்றிப் போட்டால் அது கோபித்துக்கொள்ளும். ஓபன்எஸ்எஸ்ஹெச்-உடன் வரும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் பிபிகே-யைப் படிக்காது. ஆனால் பழைய பெம், பிகேசிஎஸ்8, புதிய ஓபன்எஸ்எஸ்ஹெச் ஆகிய மூன்றுக்கும் இடையே மாற்ற அது போதும். பாஸ்ஃபிரேஸை மாற்றுவதற்கான சிறிய எழுத்து பி தெரிவோடு, எம் தெரிவில் வேண்டிய வடிவத்தைக் குறிப்பிட வேண்டும். பார்க்கிறவருக்குப் பாஸ்ஃபிரேஸ் மாற்றும் கட்டளை போலத் தோன்றும். வடிவ மாற்றத்துக்கென்று தனித் தெரிவு கிடையாது.

இந்தக் கட்டளை புதுக்கோப்பு எதையும் உருவாக்காது, இருக்கிற கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதனால் முதலில் நகல் எடுத்துக்கொண்டு, நகலின் மேல் ஓட்டுவதுதான் முறை. பாஸ்ஃபிரேஸைக் கட்டளை வரியிலேயே எழுதும் வசதியும் இதில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. அப்படி எழுதியது ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பில் அப்படியே தங்கிவிடும்.

பெம் இன்னும் தேவைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஜாவா நிரல்கள். பல நிறுவனங்களின் கோப்புப் பரிமாற்ற நிரல்களுக்குள் ஒளிந்திருக்கும் ஜேஎஸ்சிஹெச் நூலகத்தின் மூலப்பதிப்பு, ஓபன்எஸ்எஸ்ஹெச்-இன் புதிய வடிவத்தைக் கண்டால் ‘இன்வேலிட் பிரைவேட்கீ’ என்று சொல்லி நின்றுவிடும். சாவியில் எந்தக் குறையும் இருக்காது. அங்கே ஆர்எஸ்ஏ சாவியைப் பெம் ஆக்குவது தற்காலிக வழி. நூலகத்தைப் புதுப்பிப்பதே நிரந்தர வழி, அதன் தொடர்ச்சியாகப் பராமரிக்கப்படும் கிளைப்பதிப்பு புதிய வடிவத்தைப் படிக்கிறது. எட்25519 சாவியோடு மாட்டிக்கொண்டவருக்கு முதல் வழி இல்லை. எஸ்எஸ்ஹெச்-கீஜென்னிடம் அதைப் பெம் ஆக்கச் சொன்னால், மறுப்பு எதுவும் சொல்லாமல் புதிய வடிவத்திலேயே எழுதிக் கொடுக்கும். மாறிவிட்டது என்று நினைத்து ஏமாற வாய்ப்புண்டு. முதல் வரியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

பதிப்பு வேறுபாடும் அடிக்கடி குறுக்கே நிற்கும். புதிய புட்டிஜென்னில் சேமித்த பிபிகே மூன்றாம் பதிப்பை, 2021-க்கு முந்தைய புட்டியோ அதன் குறிநிரலைக் கொண்ட பழைய வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லா பதிப்புகளோ ஏற்காமல், சாவியின் வடிவம் தனக்கு மிகப் புதியது என்று சொல்லிவிடும். மென்பொருளைப் புதுப்பிப்பதே மருந்து. அதற்கு வழியில்லாத இடத்தில் புட்டிஜென்னின் ‘கீ’ மெனுவில், சேமிப்புக்கான அமைப்புகளில் பதிப்பு 2-ஐத் தேர்ந்து மறுபடி சேமிக்கலாம். முதல் வரியில் இருக்கும் 3-ஐ நோட்பேடில் 2 என்று திருத்திப் பார்ப்பவர்களும் உண்டு; அது எடுபடாது. பிபிகே-யின் கடைசி வரியான ‘பிரைவேட்-மேக்’ கோப்பின் மற்றப் பகுதிகளுக்கெல்லாம் முத்திரை வைத்த மாதிரி. சாவியோடு தொடர்பே இல்லாத ‘கமென்ட்’ வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கோப்பு திறக்காது.

மாற்றிய கோப்பு சரியா என்று பார்க்கச் சர்வருக்குப் போக வேண்டிய அவசியமில்லை. எஸ்எஸ்ஹெச்-கீஜென்னைச் சிறிய எழுத்து ஒய் தெரிவோடு ஓட்டினால் தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவியைக் கணக்கிட்டு அச்சிடும்; அது சர்வரில் இருக்கும் வரியோடு ஒத்துப்போனால் மாற்றம் சரி. எல் தெரிவு ஃபிங்கர்பிரின்ட்டைக் காட்டும். புட்டிஜென்னும் சாவியை ஏற்றியவுடன் அதையே காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பழைய புட்டிஜென் மட்டும் எம்டி5 வகை ஃபிங்கர்பிரின்ட்டைக் காட்டும். அது ஒத்துப்போகவில்லையே என்று பதற வேண்டாம். ஒய் தெரிவு பாஸ்ஃபிரேஸ் கேட்கவில்லை என்றால், கோப்பு மறையாக்கம் இல்லாமல் திறந்து கிடக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சாவி சரியாக இருந்தும் கதவு திறக்காத நேரங்கள் உண்டு. லினக்ஸில் கோப்பை மற்றவர் படிக்க முடிந்தால், அனுமதி மிகத் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்ஹெச் சாவியைத் தொடவே தொடாது. சிஹெச்மாட் 600 கொடுத்தால் சரியாகும். விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸில் சி டிரைவில் உள்ள கோப்புக்கு அந்தக் கட்டளை இயல்பாக எடுபடுவதில்லை. கோப்பை லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவுக்கு நகலெடுத்துவிட்டு 600 கொடுக்க வேண்டும். ‘எரர் இன் லிப்கிரிப்டோ’ என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் வரி முடிவுகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்: மின்னஞ்சலிலோ நோட்பேடிலோ ஒட்டி எடுத்தபோது விண்டோஸ் பாணி வரிமுடிவு புகுந்திருக்கும், அல்லது கடைசிக் கோட்டு வரிக்குப் பின் வர வேண்டிய புதுவரி விடுபட்டிருக்கும். தானியங்கி வெளியீட்டுக் கருவிகளின் இரகசியப் பெட்டிகளில் சாவியை ஒட்டும்போது எல்லா வரிகளும் ஒரே வரியாகச் சேர்ந்துவிடுவதும் இந்த வகைதான்.

வடிவத்தின் மேல் வீண்பழி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8, ஷா-1 கொண்டு போடப்படும் ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. உபுண்டு 22.04-இல் இருப்பது 8.9. அதுவரை ஒழுங்காக வேலை செய்த பழைய புட்டி, சர்வரைப் புதுப்பித்த மறுநாளே ‘சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ’ என்றது; பழைய ஜாவா நிரல்களும் உள்ளே போக முடியாமல் நின்றன. சாவியை எத்தனை முறை வடிவம் மாற்றினாலும் இது தீராது. சாவியும் கெட்டுப்போகவில்லை, கையொப்பம் போடும் நிரல்தான் பழையது. சர்வரின் ஆத் லாக்கில் அந்தச் சாவிவகை ஏற்கத்தக்க பட்டியலில் இல்லை என்ற வரி இருந்தால் காரணம் இதுதான். பயனர்பெயரைத் தவறாகக் கொடுத்தாலும் இதே மறுப்பு வரும். அமேசானின் சர்வர்களில் உபுண்டுவுக்கு ‘உபுண்டு’, அமேசான் லினக்ஸுக்கு ‘ஈசி2-யூசர்’ என்பது தெரியாமல் வேறு பெயரைத் தட்டிவிட்டு, பெம்மையும் பிபிகே-யையும் மாற்றி மாற்றிச் சலித்துப்போகிறவர்கள் நிறைய.

வடிவம் மாற்றிக் காப்பாற்ற முடியாத சாவிகளும் இருக்கின்றன. 2008 மே மாதத்தில், டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தால் தற்செயல் எண்கள் உருவாகும் இடமே வறண்டுபோயிருந்தது தெரியவந்தது. ஒரு சாவிவகையில், ஒரு நீளத்தில், ஒரு கணினி வகையில் 32,767 சாவிகள்தான் பிறக்க முடியும் என்ற நிலை. 2024 ஏப்ரலில் இன்னொன்று. புட்டியின் 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகள், பி-521 வகை ஈசிடிஎஸ்ஏ சாவியால் கையொப்பம் போடும்போது பயன்படுத்திய இரகசிய எண்ணின் முதல் 9 பிட்கள் எப்போதும் சுழியமாக இருந்தன. போகம் நகரின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபாபியன் பாய்மரும் மார்க்குஸ் பிரிங்க்மனும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 60 கையொப்பங்கள் கையில் கிடைத்தால் தனிச்சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம். 0.81 பதிப்பு பிழையைச் சரிசெய்தது. ஆனால் அதற்குமுன் போட்ட கையொப்பங்களைத் திரும்பப் பெற வழியில்லை. அந்தச் சாவியை ஓபன்எஸ்எஸ்ஹெச் வடிவுக்கு மாற்றி வைத்துக்கொண்டவர்கள் பத்திரமாகிவிட்டதாக நினைத்திருந்தால் அது தவறு. எண்கள் அவையேதான். பொதுச்சாவி வரியின் தொடக்கத்தில் ‘நிஸ்ட்பி521’ என்றிருந்து, அந்தச் சாவி ஒருமுறையேனும் பழைய புட்டியிலோ, அந்தக் காலத்து வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லாவிலோ பயன்பட்டிருந்தால், அந்த வரியை எல்லாச் சர்வர்களிலிருந்தும் நீக்கிவிட்டுப் புதுச்சாவி போடுவது ஒன்றே வழி.

பல நேரங்களில் மாற்றவே தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018-இன் 1803 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-இல் ஓபன்எஸ்எஸ்ஹெச் இயல்பாகவே இருக்கிறது. பெம் கோப்பு கையில் இருந்தால் பவர்ஷெல்லிலிருந்தே சர்வருக்குள் போகலாம். அமேசானில் சாவியை உருவாக்கும்போதே பெம் வேண்டுமா, பிபிகே வேண்டுமா என்று கேட்கிறது. ஒருவருக்கு இரண்டு கணினிகள் இருந்தால், ஒரே சாவியை இரண்டு வடிவங்களில் இரண்டு இடத்தில் வைப்பதைவிட, ஒவ்வொன்றிலும் தனித்தனிச் சாவி உருவாக்கி இரண்டு பொதுச்சாவிகளையும் சர்வரில் சேர்ப்பதே மேல். மடிக்கணினி தொலைந்தால் அதன் வரியை மட்டும் அழித்தால் போதும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சாவிக்கு உரியவர் தன் கணினியிலேயே மாற்றிக்கொள்ளட்டும். கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் இணையதளங்களுக்குத் தனிச்சாவியைக் கொடுப்பது, சர்வரையே தூக்கிக் கொடுப்பதுதான். சோதனைக்காக டவுன்லோட்ஸ் அடைவில் விட்ட நகல்களும், பாஸ்ஃபிரேஸ் இல்லாமல் எழுதிப் பார்த்த கோப்புகளும் வேலை முடிந்த கையோடு அழிக்கப்பட வேண்டும். மூத்தவர்களிடம் இம்மடல் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புதிதாகச் சேர்ந்தவரிடம் கேட்டு வாங்க வேண்டியது அவருடைய பொதுச்சாவியை மட்டுமே; தனிச்சாவியை அனுப்பச் சொல்வதையும், குழுவுக்கெல்லாம் ஒரே பிபிகே-யை மின்னஞ்சலில் சுற்றவிடுவதையும் இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.